மலிவுச் செடியும் தறிக்குழியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டிக் குடிபோனோம். பின்பக்கம் வெறும் கட்டாந்தரை. அதை ஒரே நாளில் தோட்டமாக்கிவிட எனக்குப் பேராசை. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பாதி விலைக்குக் கொடுக்கவே, யோசிக்காமல் இருபது செடிகள் வாங்கிவிட்டேன். எல்லாம் வேர்மண்ணோடு வைக்கோல் சுற்றியவை. வெயில் தாழ்ந்ததும் நடலாம் என்று, ஈரம் காயாதிருக்க, வீட்டுக்குள் காலை இறக்கி நெய்யும் தறிக்குழியோரம் அடுக்கிவிட்டுப் பட்டு நெய்ய உட்கார்ந்தேன்.

மிதிகட்டையை அழுத்தியிருந்த வலது காலின் மேல் ஏதோ குளிர்ச்சியாக ஊர்ந்தது. குனிந்து பார்த்தால், விரியன்! காலைத் தூக்கினால் கட்டை எகிறும், பாம்பு கொத்தும். அழுத்தியபடியே உறைந்துபோனேன்.

என் கணவர் உள்ளே வந்தார். "இன்னாமே, தறி ஓசையே காணோம்?"

"கிட்ட வராதீங்க. காலு மேல பாம்பு கீது."

"அசையாம உக்காந்துகினு இரு. அது தானா வெளிய வரும்" என்றவர், கையில் கழியோடு கதவோரமே நின்றுவிட்டார்.

கால் மரத்து, நடுக்கம் தொடைவரை ஏறியது. அரை மணி நேரம் கழித்துத்தான் அது குழியிலிருந்து ஏறி, தான் வந்த செடி வைக்கோலுக்குள்ளேயே திரும்பப் புகுந்தது. அவர் மூலையில் கிடந்த கூடையை அதன் மேல் கவிழ்த்து மூடினார்.

இப்போதெல்லாம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், செடியை வாசலிலேயே வைத்துக் கழியால் வைக்கோலைப் பிரித்த பிறகுதான் உள்ளே விடுகிறேன். டார்ச் அடித்துப் பார்க்காமல் குழிக்குள் கால் வைப்பதில்லை.

அத்தனை நேரம் கட்டையை அழுத்தியதில் நீளவாட்டு நூலான பாவு இழுபட்டு, அந்தச் சேலையில் மெல்லிய கோடு ஒன்று விழுந்துவிட்டது. எந்த மகராசி அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாளோ, என் உயிர் நின்ற இடம் அது என்று அவளுக்குத் தெரியாது.