அடங்கிப் போனவளை நம்பாத டாக்டர்

டாக்டர் மரகதம் போய்விட்டார் என்ற செய்தியை என் தங்கை ஸ்டெல்லாதான் போனில் சொன்னாள். அழுகைக்கு நடுவிலேயே, "சாக்கு சொல்லாம லீவு போட்டுட்டு நேரா அபிராமபுரத்துல டாக்டர் வீட்டுக்கு வந்துடுண்ணா" என்று மிரட்டவும் செய்தாள்.

அந்த மனநல மருத்துவரிடம் போனவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்ததும், "கடைசியா யார்கூட சண்டை போட்ட?" என்றுதான் கேட்பார். ஒழுங்காகச் சண்டை போடுகிறவர் பாதி குணமானவர் என்பது அவர் கட்சி.

ஸ்டெல்லாவுக்கு மனநிலை ஏறி இறங்கும் நோய். ஏறினால் சாந்தோமில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் விருந்துக்கு அழைத்துவருவாள். இறங்கினால் கட்டிலைவிட்டு எழமாட்டாள். லித்தியம் மாத்திரையில் அதெல்லாம் நின்றது. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று, டாக்டர் சொன்ன ரத்தப் பரிசோதனைகளை விட்டுவிட்டு, பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தோம். அவள் மெல்ல மெல்ல அடங்கினாள். உடம்பு போட்டது, குரல் கரகரத்தது, சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டாள். வகுப்பிலேயே தூங்கிவிழுந்ததால் அவளுடைய ஆசிரியை வேலை ஊசலாடியது. மாத்திரை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் மறுபடி டாக்டரிடம் போனோம். வழக்கமான கேள்விக்கு, "யார்கூடவும் சண்டை இல்ல டாக்டர்" என்றாள் ஸ்டெல்லா.

"இப்பதான் வீட்ல நிம்மதியா இருக்கோம்" என்றார் அம்மா.

"நிம்மதி உங்களுக்கும்மா. இவளுக்கு?" என்று கேட்டபடியே எழுந்துவந்து அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார் டாக்டர்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. லித்தியம் சாப்பிடும் சிலருக்கு அப்படி ஆகும் என்றார். அம்மா உடனே, "அப்ப அந்த மாத்திரையே வேணாம், நிறுத்திடலாம்" என்றார்.

"கூரை ஒழுகுதுன்னு வீட்டையா இடிப்பீங்க?" என்று டாக்டர் சீறினார். "லித்தியம் இருக்கட்டும். தைராய்டுக்குத் தனியா ஒரு மாத்திரை, காலைல வெறும் வயித்துல. மாதாகிட்டயும் வேண்டிக்கோங்க. ஆனா ரத்தம் பாக்குறத மட்டும் விட்டீங்க, வீட்டுக்கே வந்து திட்டுவேன்."

ஒருமுறை வந்தே திட்டினார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு மறுபடியும் திட்டினார். புது மாத்திரையில் சில மாதங்களிலேயே ஸ்டெல்லா போர்வையை உதறினாள், வகுப்பில் தூங்கிவிழுவதும் நின்றது. எங்களுக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது.

டாக்டரின் உடலை எடுத்துச்சென்ற அன்று, இறுதி ஊர்வல வண்டிக்கு வழி விடாமல் நின்ற ஆட்டோக்காரரோடு ஸ்டெல்லா மல்லுக்கு நின்றாள். "இன்னாம்மா, இப்டி கத்துற?" என்று முனகியபடி அவர் ஆட்டோவை நகர்த்தினார். டாக்டரின் நினைவாக உன்னிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், நடுத்தெருவில் கத்திக்கொண்டிருந்த என் தங்கையைத்தான் காட்டுவேன்.