வாய் அளந்து வாங்கிய ஏர் கிளீனர்

பெரியவனே, சின்னவளே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். காருக்குப் புது ஏர் ஃபில்டர் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியிருந்தது. போனில் வண்டியின் பெயரைத் தட்டினால் சரியான அளவை அதுவே எடுத்துக் கொடுத்துவிடுமாம். நான் நம்பவில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், அகலம், மடிப்பின் ஆழம் எல்லாம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா வைரத்தோடு வாங்குறாக" என்றாள் சின்னவள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த வடிகட்டித் தாளின் வாசனை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசியில் நான் கண்டனூரில் ஒரு செட்டியார் வீட்டுக்குக் கார் ஓட்டினேன். அந்த வீட்டு முகப்பில் ஒருவர் தும்மினால் பின்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது, அவ்வளவு நீளம். அண்ணன் தம்பி இருவரும் மலேயாவில் தொழில் பார்த்தார்கள். வீட்டில் அவர்கள் மனைவிமார் இருந்தார்கள். நான் மூத்தவரைப் பெரிய ஆச்சி என்றும் இளையவரைச் சின்ன ஆச்சி என்றும் கூப்பிடுவேன். ஒரே கூரைதான், ஆனால் அந்தப் பக்க வழக்கப்படி அடுப்பு வேறு, அரிசி வேறு, விறகு வேறு. ஊறுகாய் ஜாடிகூட அவரவர் அறைக்குள்தான். மாமனார் விட்டுப்போன கறுப்புக் காரை மட்டும் இரண்டாக வெட்ட முடியவில்லை. அதனால் பெட்ரோலைப் பிரித்துக்கொண்டார்கள்.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். அவரவர் பெட்ரோல் டின் அவரவர் அறையில் பூட்டிக் கிடக்கும். கார் டாங்கில் எப்போதும் ஒரே மட்டத்துக்குப் பெட்ரோல் இருக்க வேண்டும். அதற்கென்று கோடு கீறிய ஒரு குச்சி உண்டு. யார் காரில் போய்வந்தாலும், குறைந்ததைத் தங்கள் டின்னிலிருந்து அந்தக் கோடுவரை ஊற்றி நிரப்பிவிட வேண்டும். குச்சியை விட்டுப் பார்ப்பது வாட்ச்மேன் கருப்பையா. என் கையில் தர மாட்டார்கள்.

எஞ்சின் காற்று இழுக்கும் வாயின் மேல் அப்போதெல்லாம் ஒரு கறுப்புத் தகரச் சட்டி உட்கார்ந்திருக்கும், அதுதான் அன்றைய ஏர் கிளீனர். அடியில் எண்ணெய், மேலே கம்பி நார். காற்று அதற்குள் புகுந்து, புழுதியை எண்ணெயில் விட்டுவிட்டுச் சுத்தமாக உள்ளே போகும். எங்கள் பக்கத்துச் செம்மண் ரோட்டில் நாலு நாள் ஓட்டிவிட்டுச் சட்டியைத் திறந்தால் அடியில் குழம்பு மாதிரிக் கிடக்கும். ஒரு கோடையில் அந்தச் சட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது.

புதிது வாங்க வேண்டும். அளவு எடுத்தது பெரிய ஆச்சி. அந்த வீட்டுச் சாமான் அறையைப் பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். கல்யாணச் சீராக வந்த பித்தளையும் எவர்சில்வரும் உத்தரம் வரை அடுக்கியிருக்கும். எந்தப் பாத்திரத்துக்கு எந்த மூடி என்று ஆச்சி பாத்திரத்தின் வாயைப் பார்த்தே சொல்லிவிடுவார். காருக்கும் அதேதான். எஞ்சின் வாயைச் சுற்றி நூலை ஓட்டி, முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார். நானும் பயபக்தியோடு வாங்கி மடியில் சொருகிக்கொண்டு காரைக்குடிக்குப் போனேன். கடைக்காரர் நூலுக்குப் பொருந்துகிற ஒரு குட்டி ஏர் கிளீனரை எடுத்துக் கொடுத்தார். எந்த வண்டிக்கு என்று அவரும் கேட்கவில்லை, எந்த வண்டியுடையது என்று நானும் கேட்கவில்லை. கொண்டுவந்து மாட்டினேன். குடத்துக்கு மூடி மாதிரிக் கச்சிதமாக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகுதான் பெட்ரோல் குறைய ஆரம்பித்தது. குன்றக்குடிக்குப் போய்வர முன்பு ஊற்றியதைப் போல ஒன்றரைப் பங்கு ஊற்ற வேண்டியிருந்தது. வண்டியும் கறுப்பாகப் புகைவிட்டது, மேட்டில் முக்கியது. வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். சின்ன ஆச்சி தன் டின்னிலிருந்து ஊற்றாமல் ஏமாற்றுகிறார் என்று பெரிய ஆச்சிக்குச் சந்தேகம். பெரிய ஆச்சி ராத்திரியில் உறிஞ்சி எடுத்துவைத்துக்கொள்கிறார் என்று சின்ன ஆச்சிக்கு. இருவருக்கும் இடையே இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோனது.

எனக்குக் கருப்பையா மேல் சந்தேகம். நான் எங்கே போனாலும் பின்னாலேயே வந்தார். ஷெட்டுக்குப் பின்னால் ஒதுங்கினால்கூட ஒரு இருமல் கேட்கும். ஆளுக்கொரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அவர் கையை நானும் என் கையை அவரும் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். கடைசியில் அவரே உடைத்துவிட்டார்.

"ஒன்னையப் பாத்துக்கச் சொல்லியிருக்காக, ரெண்டு ஆச்சியும். நீயும் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா நான் எப்பத்தான்யா கண்ணசர்றது?"

பேசிக்கொள்ளாத இருவரும் என் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயிருந்தார்கள். பெட்ரோல் திருடன் என்று ஒரு டிரைவருக்குப் பெயர் விழுந்தால், தேவகோட்டையிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் எந்த வீட்டிலும் சாவி கொடுக்க மாட்டார்கள். அப்போது பெரியவன் உங்கள் அம்மா வயிற்றில். அவளிடம் நான் மூச்சுவிடவில்லை.

ஒரு காலையில் புழுதி தட்டுவதற்காக அந்தக் குட்டி ஏர் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு, மறந்துபோய் வண்டியைக் கிளப்பினேன். எஞ்சின் சத்தமே வேறாக இருந்தது. மாட்டினேன், திணறியது. கழற்றினேன், நிமிர்ந்தது. அது ஏதோ சின்ன வண்டிக்குச் செய்தது. வாய் ஒன்றாக இருந்தாலும் இந்தப் பெரிய எஞ்சினுக்கு வேண்டிய காற்றை உள்ளே விட அதற்கு வயிறு போதவில்லை. காற்றுக் குறைந்ததும் எஞ்சின் பெட்ரோலை அதிகமாக இழுத்து, பாதியை எரிக்க முடியாமல் புகையாகத் துப்பிக்கொண்டிருந்தது. அப்படியே கழற்றிப் போட்டு ஓட்டவும் முடியாது, செம்மண் உள்ளே போய் எஞ்சினைத் தின்றுவிடும்.

ஓடிப்போய்ப் பெரிய ஆச்சியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"இத்தனூண்டு தகர மூடியா பெட்ரோலக் குடிக்குது? நல்லா யோசிச்சுத்தான்ப்பா வந்திருக்கே" என்றார்.

"நீங்களே வண்டில வந்து பாருங்க ஆச்சி. ரெண்டு பேரும் வாங்க" என்றேன்.

தனியாகப் போனால் டிரைவரைக் கைக்குள் போட்டுக்கொண்டதாக மற்றவர் சொல்வார் அல்லவா? ஆகவே இருவரும் வந்தார்கள். டாங்கைக் காலிசெய்து, இரண்டு டின்னிலிருந்தும் சரிபாதி ஊற்றினார்கள். முன்சீட்டில் கருப்பையா. பின்சீட்டில் ஓரகத்திகள் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி. "டிரைவர், கொஞ்சம் அங்குட்டு நகரச் சொல்லு" என்பார் ஒருவர். "எடம் இங்குட்டும் இல்லைன்னு சொல்லு" என்பார் மற்றவர். நான் எதையும் சொல்லவில்லை. இருவருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது.

அந்தப் பெட்ரோலுக்கு ஆத்தங்குடி போய்த் திரும்பி வந்திருக்க வேண்டும். திரும்பும் வழியிலேயே வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. ஒரு பொட்டல். பெரிய ஆச்சி இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒழுகல் இல்லை. கருப்பையாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

சின்ன ஆச்சிதான் வாயைத் திறந்தார். "டாங்குக்கு மேலேயேதானே ஆச்சி உக்காந்து வந்தோம் நம்ம ரெண்டு பேரும். பிறகு யாரு எடுத்தா?"

நேருக்கு நேர் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பெரிய ஆச்சி பானெட்டைத் திறக்கச் சொல்லி, அந்தக் குட்டித் தகரத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "வாயி சரியாத்தானே இருந்துச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, மெய்யாகவே புரியாமல்தான் சொன்னார்.

அந்த வழியாக வந்த மாட்டுவண்டியில் இருவரும் ஒன்றாக ஏறிப் போனார்கள். தூரம் போகும்வரை பேச்சுக் குரல் கேட்டது. மறுநாள் என்னை மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே கடைக்காரர் நூலை வாங்கவே இல்லை. என்ன எஞ்சின், எத்தனை சிலிண்டர், தார் ரோடா மண் ரோடா என்றுதான் கேட்டார். பிள்ளைகளே, ஏர் ஃபில்டர் வாங்கும்போது வாயை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே இழுக்கிறவன் எவ்வளவு பெரியவன் என்று பாருங்கள்.

இப்போது அந்த வீடு கல்யாணத்துக்குத்தான் திறக்கிறது. ஆச்சிமார் இருவரும் இல்லை, கருப்பையாவும் இல்லை. கார் யார் கைக்குப் போனதென்று தெரியாது. செம்மண் ரோடெல்லாம் தாராகிவிட்டது. எண்ணெய்ச் சட்டியைச் சொன்னால் மெக்கானிக் பையன்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் இருந்த மாதிரிச் சந்தேகம் மட்டும் ஊரில் குறையவில்லை, இப்போது வாசலுக்கு வாசல் கேமரா வைத்திருக்கிறார்கள்.

உன்னைச் சந்தேகப்பட்டோம் என்று அந்த வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. மதுரையிலிருந்து வந்து புதிதை மாட்டிய அன்று சாயங்காலம், பெரிய ஆச்சி ஒரு தூக்கு நிறையச் சீப்புச் சீடை கொடுத்தார். சின்ன ஆச்சி தன் பங்குக்குத் தனியாக ஒரு பொட்டலம் மனகோல இனிப்பு. வீட்டுக்குக் கொண்டுபோனால் உங்கள் அம்மா, எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்பாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வழியில் ஒரு பாலத்துத் திட்டில் உட்கார்ந்து, அவ்வளவையும் நான் ஒருவனே தின்று தீர்த்தேன்.