யோகலட்சுமி டீச்சரின் தீப்பெட்டி ஆபீஸ்

“இந்தப் படத்த எடுத்தது யாரு?”

மேற்பார்வையாளர் உமாதேவி மேடம் தன் செல்போனை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் எங்கள் ஊர் பால்வாடியின் வாசலில் நின்றிருந்தேன். ஒரு கையில் அக்கா மகள் லத்திகாவின் விரல். இன்னொரு கையில், அந்தப் படத்தை எடுத்த செல்போன். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

யோகலட்சுமி டீச்சர் என்னைப் பார்த்தார். படம் எடுத்தபோது அவரும் அங்கேதான் இருந்தார், அதனால் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாரம் என் தலைக்கு மாறிவிடும். அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

“எடுத்தது யாரா இருந்தா என்ன மேடம். பிள்ளைக விளையாண்டது இங்கனதான். நான்தான் விளையாடச் சொன்னேன்.”

அது ஒரு திங்கட்கிழமை. வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள், அதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு டீச்சருக்கு வேலை உண்டா இல்லையா என்பது அவர்கள் எழுதுவதைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு மேடம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். போகும்போது, “இருபது வருசம் ஓட்டிட்டீங்களே டீச்சர், இப்படி ஒரு வேலையச் செய்யலாமா” என்று கேட்டார். கோபமாக அல்ல, வருத்தமாகத்தான் கேட்டார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்பதை நான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் பாதையில் இருக்கிறது. மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் என்றுதான் சொல்வோம். காலை ஏழரைக்கு ஆபீஸ் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பெட்டிகளில் குச்சி அடைக்கும் வேலை. வேன் போன பிறகு பால்வாடியில் ஒரே அழுகையாக இருக்கும். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அம்மா எங்கே போனாள், ஏன் போனாள், திரும்பி வருவாளா என்று எதுவும் தெரியாது. என் லத்திகா இரண்டு மாதம் அழுதாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாந்தி எடுக்கும்வரை அழுவாள். உதவியாளர் வெயிலம்மாள் அக்கா சத்துமாவு உருண்டையைக் காட்டிப் பார்ப்பார். தூக்கி வைத்துக்கொண்டு நடந்து பார்ப்பார். ஒன்றும் ஆகாது.

டீச்சர் எண்ணிக்கை சொல்லிக்கொடுப்பதற்காக மருந்து முக்காத வெறுங்குச்சிகளை ஒரு டப்பாவில் வைத்திருந்தார். தலையில் மருந்து இல்லாத குச்சி, உரசினாலும் பற்றாது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடைக்கும். ஒருநாள் அழுதுகொண்டிருந்த பையன் ஒருவன், கீழே கிடந்த காலிப் பெட்டி ஒன்றை எடுத்துக் குச்சிகளை உள்ளே போட்டான். போட்டுவிட்டு, “நான் ஆபீஸ் வந்துட்டேன்” என்றான். அழுகை நின்றுவிட்டது.

வேறு டீச்சராக இருந்தால் பெட்டியைப் பிடுங்கியிருப்பார்கள். யோகலட்சுமி டீச்சர் மறுநாள் இன்னும் பத்துப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். லேபிள் கோணலாக ஒட்டிக் கழித்துப் போட்ட பெட்டிகள். அன்றிலிருந்து காலையில் அரைமணி நேரம் ஆபீஸ் விளையாட்டு. ஒரு பிள்ளை வேன் ஓட்டும். ஒரு பிள்ளை போர்மேன். மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்து, பெட்டிக்குப் பத்துக் குச்சி எண்ணிப் போட வேண்டும். கடைசியில் வேன் திரும்பி வரும், எல்லோரும் ‘வீட்டுக்கு’ வருவார்கள். அங்கே ஒரு பிள்ளை பிள்ளையாக நடித்துக்கொண்டு காத்திருக்கும். அம்மாவாக நடிக்கும் பிள்ளை ஓடிப்போய் அதைக் கட்டிக்கொள்ளும். இந்தக் கடைசிப் பாகத்தை டீச்சர் ஒருநாளும் விட்டதில்லை. மழை பெய்தாலும், யாராவது பார்வையிட வந்தாலும், வேன் திரும்பி வந்தே ஆக வேண்டும்.

ஏன் டீச்சர் இப்படி என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். “அம்மா போறது மட்டும்தான் இதுக கண்ணுக்குத் தெரியுது. வாரது தெரியல. அதையும் தெனம் ஒருக்கா விளையாண்டு பாக்கட்டும்” என்றார்.

நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, மேலே என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். வேலை லத்திகாவைக் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் லத்திகா போர்மேன். பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஒரு வீடியோ எடுத்தேன், ஒரு படம் எடுத்தேன். படத்தை மட்டும் ஸ்டேட்டஸில் போட்டேன். ‘எங்க ஊர் குட்டி தீப்பெட்டி ஆபீஸ்’ என்று எழுதி, சிரிக்கும் பொம்மை இரண்டு வைத்தேன். பெருமையாகத்தான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திற்குள் அந்தப் படம் வேறு மாதிரி திரும்பி வந்தது. யாரோ அதன் ஒரு பக்கத்தை வெட்டியிருந்தார்கள். எட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைக்கிறார்கள், பின்னால் சுவரில் அங்கன்வாடிப் பலகை. மேலே, ‘அரசு மையத்தில் பச்சிளம் குழந்தைகளைத் தீப்பெட்டி வேலைக்கு விடும் கொடுமை, கேட்க நாதியில்லையா, அதிகம் பகிருங்கள்’ என்று சிவப்பு எழுத்து. குச்சியில் மருந்து இருக்கிறதா இல்லையா என்று அந்தப் படத்தில் யாருக்குத் தெரியும்? எங்கள் ஊர்க் குழுவுக்கே அது மூன்று பேரிடமிருந்து வந்தது. நான் ஸ்டேட்டஸை அழித்துவிட்டேன். ஆனால் பிள்ளைகள் படத்தைப் போட்டவர்கள் மேல் போலீஸ் கேஸ் வரும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டதாக அப்பா வீட்டில் வந்து சொன்னார். அதைக் கேட்டதும், எடுத்தது நான்தான் என்று சொல்லும் எண்ணத்தையே விட்டுவிட்டேன்.

திங்கள், செவ்வாய், புதன். இந்த மூன்று நாளும் டீச்சர் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்து கதவைத் திறந்தார். ஆனால் சத்துமாவில் வெல்லம் போட மறந்தார். வருகைப் பதிவை இரண்டு தரம் எடுத்தார். செல்போன் அடித்தால் திரையைக் கவிழ்த்து வைத்தார். விளையாட்டை நிறுத்திவிட்டதால் காலை அழுகை மறுபடியும் தொடங்கியது. புதன்கிழமை இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. அவர்கள் டீச்சர்மேல் குற்றம் சொல்லவில்லை, விசாரணை என்று வந்து தங்களையும் எதற்காவது இழுத்துவிடுவார்கள் என்று பயந்தார்கள்.

டீச்சரின் கதையை வெயிலம்மாள் அக்கா எனக்கு அப்போதுதான் சொன்னார். யோகலட்சுமி ஆறு வயதில் ஆபீஸ் பஸ் ஏறியவர். அந்தக் காலத்தில் விடியுமுன்னே பஸ் வரும், தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கி ஏற்றிவிடுவார்களாம். மரச்சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை. பள்ளிக்கூட வாசலை ஒழுங்காக மிதிக்காமல், கல்யாணமாகி இருபத்திரண்டு வயதில் தனியாகப் பரீட்சை எழுதிப் பத்தாவது தேறினார். இந்த வேலை கிடைத்தபோது அவருடைய கணவர் சாமித்துரை ஊருக்கே கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாராம். “பிள்ளைகள வேலைக்கு விட்டாள்னு அவளப் பாத்துச் சொல்லுதாவளே, அவிய வாய்ல புழு வைக்காதா” என்று வெயிலம்மாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அவருக்கும் சொல்லவில்லை, எடுத்தது நான்தான் என்று.

புதன் சாயங்காலம் வெயிலம்மாள் அக்கா ஒரு காரியம் செய்தார். டீச்சர் வீட்டுக்குப் போனபிறகு குச்சி டப்பாவையும் பெட்டிகளையும் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டித் தீ வைத்துவிட்டார். பொருளே இல்லாவிட்டால் என்ன கேட்க முடியும் என்பது அவர் கணக்கு. வியாழன் காலையில் டீச்சர் வந்து, கரிந்து கிடந்ததைப் பார்த்தார். அந்தக் குச்சிகளில் மருந்து இல்லை என்பதற்கு அவர் கையில் இருந்த ஒரே சாட்சி அதுதான். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏசணும்னா ஏசிருங்க டீச்சர்” என்றார் வெயிலம்மாள் அக்கா.

“உன்ன எதுக்குட்டி ஏச? நீயும் பயந்துட்ட” என்றார் டீச்சர். ‘நீயும்’ என்றபோது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முந்தின இரவு மழை. மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அதிகாரி நடந்துதான் வர வேண்டியிருந்தது. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்தவர், கண்ணாடி போட்டவர். கரிசல் மண் அவர் செருப்பில் அப்பி அப்பி, காலுக்கு ஒரு படி மண்ணைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். பின்னால் உமாதேவி மேடம். பிள்ளைகள் அழுகையை விட்டுவிட்டு அந்தக் கால்களையே பார்த்தார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. குச்சியும் பெட்டியும் எங்கே என்று கேட்டார். எரித்துவிட்டோம் என்று டீச்சர் சொன்னார். வெயிலம்மாள் பெயரை எடுக்கவில்லை. அதிகாரி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். விசாரணைக்கு முந்தின நாள் எரித்தீர்களா என்று கேட்டார். ஆமாம். அதையும் எழுதினார். டீச்சர் எவ்வளவு உண்மை சொன்னாரோ அவ்வளவுக்கு அது பொய் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. பிறகு அவர் குனிந்து, முன்னால் நின்ற லத்திகாவிடம் கேட்டார்.

“பாப்பா, இங்க நீங்க என்ன செய்வீங்க?”

“ஆபீஸ் போவோம்” என்றாள் லத்திகா.

உமாதேவி மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆபீஸ்ல என்ன செய்வீங்க?”

“குச்சி அடைப்போம். சரியா அடைக்கலன்னா ஏசுவாவ.”

“யாரு ஏசுவா?”

லத்திகா தன் நெஞ்சில் கை வைத்தாள். “நான்தான்.”

அதிகாரிக்கு அது புரியவில்லை. டீச்சரைப் பார்த்தார். அதை எங்கிருந்து விளக்குவது என்று டீச்சர் லத்திகாவைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மறுபடியும் தாளில் வைத்தார். இனி எழுதிவிடுவார், எழுதியது எழுதியதுதான்.

“சார், அந்தப் படத்த எடுத்தது நான்” என்றேன். “நான் எடுத்த முழுப்படம் வேற. வீடியோவும் இருக்கு.”

செல்போனை அவரிடம் நீட்டினேன். அவசரத்தில் முதலில் வேறு எதையோ தொட்டுவிட்டேன், ஏதோ பாட்டு பாடியது. பிறகு வீடியோ ஓடியது. வெட்டுப்படாத காட்சி. எட்டுப் பிள்ளைகளின் வரிசையில் ஒன்பதாவதாக, கால்களை மடக்கித் தரையில் உட்கார்ந்திருப்பது யோகலட்சுமி டீச்சர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு லத்திகா அவர் முன்னால் நிற்கிறாள்.

“ஏட்டி யோகலட்சுமி, பேச்சக் கொறச்சிட்டுக் கைய ஓட்டு.”

“சரிங்க அண்ணாச்சி” என்கிறார் டீச்சர்.

“பத்து போட்டியா?”

“எட்டு போட்டேன் அண்ணாச்சி.”

“எட்டுக்குப் பொறவு?”

“நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, எனக்கு மறந்துபோச்சு.”

லத்திகா ஒன்பது, பத்து என்று சொல்லிக்கொண்டே மருந்தில்லாத வெறுங்குச்சி இரண்டை எடுத்துப் போடுகிறாள். பிறகு வேன் வருகிறது. ஒரு சின்னப் பையன் ஓடி வந்து டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “வந்துட்டியாம்மா” என்கிறான். அத்தோடு வீடியோ முடிகிறது.

அதிகாரி மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். மூன்றாவது தரம், “எட்டுக்குப் பொறவு” வந்தபோது அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. இதை ஏன் மூன்று நாளாகக் காட்டவில்லை என்று என்னைக் கேட்டார். பயமாக இருந்தது என்றேன். டீச்சரிடம் திரும்பி, எடுத்தது இந்தப் பெண் என்று உங்களுக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றார் டீச்சர்.

“பொறவு ஏன் சொல்லல?”

“அவளும் போன வருசம்வரைக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான சார்.”

அதை அவர் எழுதிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. வீடியோவை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, வாசலில் மண்ணைச் சுரண்டிவிட்டுப் போனார்.

உத்தரவு வர ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் டீச்சர் எழுந்து நின்றுவிடுவார். கடைசியில் வந்த தாளில், குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, பணியில் தொடரலாம், இனி தீப்பெட்டி சம்பந்தப்பட்ட எந்தப் பொருளும் மையத்தில் இருக்கக் கூடாது என்று இருந்தது. டீச்சர் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை உரிக்கப் போனார். இப்போது பிள்ளைகள் புளியங்கொட்டையை எண்ணுகிறார்கள். பதினான்கு பேர் இருந்த இடத்தில் பதினோரு பேர். மூன்று வீட்டார் மஞ்சள் வேன் வரும் நர்சரிக்கு மாற்றிவிட்டார்கள். எண்ணிக்கை இன்னும் குறைந்தால் மையத்தையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்களோ என்று டீச்சருக்குப் பயம் இருக்கிறது. கேட்டால் சொல்ல மாட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்ததும் முதலில் தலைகளைத்தான் எண்ணுகிறார்.

போன வாரம் திருப்பூரில் இருக்கும் என் அத்தை அந்த வெட்டுப்பட்ட படத்தை எங்களுக்கு அனுப்பி, ‘உங்க பக்கமாமே, என்ன அநியாயம்’ என்று கேட்டிருந்தாள். அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அத்தனை பேர் வீட்டுக் கதவையும் என்னால் தட்ட முடியாது. அதனால்தான் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, அவர் பெயரைப் போட்டே இதை எழுதினேன். உங்களுக்கு அந்தப் படம் வந்திருந்தால், யாரிடமிருந்து வந்ததோ அவர்களுக்கு இதை அனுப்புங்கள். நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால், அவர்களுக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொன்னாலும் போதும்.