அக்காவுக்கு வாங்கிய சன்ஸ்கிரீன்

என் அக்காவும் நானும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால் வெளியூரில் யாரும் நம்பமாட்டார்கள். நான் எங்கள் அப்பாவைப் போல நல்ல கறுப்பு. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே வெளுத்த தோல், வைக்கோல் நிற முடி, வெளிச்சம் பட்டால் நிலைகொள்ளாமல் ஆடுகிற கண்கள். தோலுக்கு நிறம் கொடுக்கிற சத்து அவள் உடம்பில் சுரக்கவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியவந்தபோது அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை ஊருக்கு அவள் வெள்ளைக்காரி. பெண் பார்க்க மாகறலிலிருந்து ஒரு தடவை வந்தார்கள். பிறக்கிற பிள்ளையும் இப்படி இருந்துவிடுமோ என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா யாரையும் வரவிடவில்லை.

உத்திரமேரூரிலிருந்து வருகிற டவுன் பஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். நிலம் வைத்திருப்பவர்கள் கோயில் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள் நாங்கள். கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லை என்று அக்கா மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். நடவுக்குக் கண் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. நாற்றுமுடியைப் பிரிப்பதும் ஊன்றுவதும் அவள் விரலுக்கே தெரியும். எந்த நிலத்தில் நடவு என்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவள் கூலியில் நான் பன்னிரண்டாவது வரை படித்தேன். இன்று எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். ஓட்டுக் கட்டடம், மேலே மின்விசிறி. அக்கா என் வீட்டுக்கு அடுத்த வீட்டில், அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறாள்.

ஒவ்வொரு சித்திரையிலும் அவள் கழுத்தும் மூக்கும் கொப்பளித்து உரியும். கற்றாழையைக் கீறித் தடவுவோம். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் அதை ஒரு நோயாக யாரும் நினைக்கவில்லை. அதனால் இடது காதுக்கு முன்னால் ஒரு பொருக்கு வந்து, விழுந்து, மறுபடி வந்தபோதும் நாங்கள் கவலைப்படவில்லை. சீப்பு பட்டால் ரத்தம் வரும். மஞ்சள் வைத்தாள். பிறகு பஜாரில் ஒரு களிம்பு வாங்கிப் போட்டாள். மறு வருடமும் அது அங்கேயே இருந்தது. காது மடலில் ஏறியிருந்தது. நான் லீவு போட்டுவிட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். என்னைவிடச் சின்ன வயது. தோலில் வந்திருக்கும் கேன்சர் என்றார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"கேன்சர்னா வயித்துல, மாருல வர்றதுதானேடி? தோலுக்குமா வரும்?"

காதின் மேல்பாதியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே தோலெடுத்து அங்கே ஒட்டினார்கள். பரவவில்லை, நேரத்தோடு வந்தீர்கள் என்றார்கள். வார்டில் இருந்த நாட்களில் அக்கா அழவே இல்லை. கட்டுப் பிரித்த அன்று கையால் காதைத் தடவிப் பார்த்து, "கம்மலு போடறதுக்கு எடம் வுட்டுட்டாங்க" என்றாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போதுதான் டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். இந்தத் தோலில் மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். வெயில் படாமல் இருக்க வேண்டும், முக்கியமாகக் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை. முழுக்கை சட்டை, காதையும் கழுத்தையும் மறைக்கிற அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி. மூடமுடியாத இடத்தில் சன்ஸ்கிரீன். ட்யூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் முப்பதுக்குக் குறையக்கூடாது, ஐம்பது நல்லது. வெளியே போவதற்கு முன்பே தடவ வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும், வியர்த்தால் அதற்கும் முன்பே.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் கேட்டாள்: "பத்து மணிக்கு மேல வெயிலு படாத வேல இன்னா கீது டாக்டரம்மா, எங்கூர்ல?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "முடிஞ்ச அளவு பாத்துக்கோங்கம்மா" என்றார். அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்தது. கோபமாக வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை.

உத்திரமேரூர் பஜாரில் ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். சன்ஸ்கிரீன் என்றதும் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பளபளப்பான ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"இது நல்லா போவுதும்மா. பத்தே நாள்ல கலர் குடுக்கும்."

"எனக்கு இல்லண்ணா. எங்க அக்காவுக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். கடை வாசலில் முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். "அவங்களுக்கு எதுக்கும்மா? அவங்க நல்ல சேப்பாத்தானே கீறாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் விளக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது. டப்பாவை உள்ளே வைத்துவிட்டு, கேட்காமலே ஸ்டூலை எடுத்து அக்கா உட்காரப் போட்டார். இருந்த ட்யூப் எல்லாவற்றையும் பரப்பி வைத்தார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். சிலவற்றில் பதினைந்து என்று போட்டிருந்தது. சிலவற்றில் ஐம்பது, கூடவே பிளஸ் குறிகள். வாசனை போட்டவை, ஜெல், தண்ணீர் போல ஓடுவது. தண்ணீரிலும் வியர்வையிலும் நிற்கும் என்று எழுதியிருந்த ஜெல் ஒன்றை எடுத்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதைத் தடவிய காலையிலேயே அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். நெற்றியில் வழிந்தது கண்ணுக்குள் போய் எரிந்தது, ஒட்டிய தோலிலும் எரிச்சல். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த ட்யூபைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாசனை இல்லாததாக, துத்தநாகம் கலந்ததாக வாங்குங்கள், கெட்டியாக இருக்கும், ஆனால் எரியாது என்றார் டாக்டரம்மா. அது காஞ்சிபுரத்தில்தான் கிடைத்தது. முதலில் என் கையில் தடவிப் பார்த்தேன். விபூதி பூசியது போல வெள்ளையாக அப்படியே நின்றது. அக்கா கையில் தடவினேன். போட்ட இடமே தெரியவில்லை.

"தோ பாரு, எனக்குன்னே செஞ்சி வெச்சிகிறான்" என்று சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும் இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன்.

முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அக்கா கடலை அளவு எடுப்பாள். "ஏன்டி, குழம்பா ஊத்தறதுக்கு?" என்பாள். ட்யூப் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. அதனால் காலையில் நானே போய்த் தடவிவிட ஆரம்பித்தேன். பின்கழுத்து, மீதிக் காது, உதடு, புறங்கை. தடவும்போதே புதிதாக ஏதாவது சொரசொரப்பு தட்டுப்படுகிறதா என்று விரலால் பார்ப்பேன். அவள் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

கோடைப் பட்டமான சொர்ணவாரி நடவுக்குக் கூப்பிட்டார்கள். சித்திரை வெயில். புடவைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலையில் காஞ்சிபுரத்தில் வாங்கிய அகலத் தொப்பி, அதை இறுக்கிக் கட்ட ஒரு துண்டு. வரப்பில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"இன்னாக்கா, பவுடர் பூசிக்கினு, தொப்பி போட்டுக்கினு நடவுக்கு வந்துகீற! ஷூட்டிங்கா?"

அக்கா பதிலுக்கு ஏதோ சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவளின் தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழேயும் சிவந்து கன்றியிருந்தது. தொப்பி போட்டும் எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். பரம்படித்துச் சமன்செய்து தண்ணீர் கட்டிய நிலம் கண்ணாடி போல மின்னியது. குனிந்து நிற்கிறவளுக்கு வெயில் கீழேயிருந்து அடித்தது. தொப்பி அதற்கு என்ன செய்யும்? இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி தடவ அவளுக்குக் கை ஏது? இரண்டு கையிலும் முழங்கை வரை சேறு. வியர்வையைத் தோளில் துடைக்கும்போதே காலையில் போட்டதும் போய்விடும்.

நூறுநாள் வேலைக்குப் போகலாம் என்றாள். அங்கும் ஏரிக்கரை, மரமில்லாத இடம். வருகைப் பதிவுக்குப் போனில் போட்டோ எடுக்கும்போது முகம் தெரிய வேண்டும் என்று தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றச் சொன்னார்கள். சொன்ன பெண் எங்களுக்குச் சொந்தம்தான். "நான் இன்னா பண்றது சித்தி, மூஞ்சி தெரியலன்னா ஏத்துக்க மாட்டேங்குது" என்றாள்.

நிழலில் ஒரு வேலை தேடினேன். அரிசி மில்லில் கல் பொறுக்கக் கேட்டேன். கண் தெரியாது என்றார்கள். கம்பெனி வேனில் ஆள் ஏற்றுகிறவரிடம் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்கிறேன் என்றார். அங்கன்வாடியில் உதவியாளர் இடம் காலியாகவில்லை. கடைசியில் நானே சொன்னேன்: "நீ எங்கயும் போவாத. வூட்லயே இரு. என் சோறு ரெண்டு பேருக்கும் போதும்."

அவள் ஒத்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்கு மேல் இருந்தாள். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, சிமெண்ட் ஷீட்டுக் கூரையின் சூட்டில், சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். நான் கொண்டுபோய் வைத்த சோறு பாதி அப்படியே இருக்கும். பெண்கள் நடவு முடிந்து பேசிக்கொண்டு தெருவில் போகும்போது கதவிடுக்கில் வந்து நிற்பாள். எந்த நிலம், எத்தனை பேர், யார் முன்னே போனது என்று கேட்பாள். ஒருநாள் நான் ட்யூபை எடுத்துக்கொண்டு போனேன், சாயங்காலம் கொஞ்சம் வெளியே நடக்கலாம் என்று. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வூட்டுக்குள்ள கீறவளுக்கு எதுக்குடி அது? சாவறதுக்கு முன்னாடியே என்னப் பொதச்சிட்ட நீ."

அந்த ட்யூபைப் பிடித்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளை வெளியே விட்டால் வெயில் தின்றுவிடும். உள்ளே வைத்தால் அவளே தன்னைத் தின்றுகொண்டிருந்தாள். அவள் என் முழங்காலைத் தட்டி, "அயுவாத, போயி சோறு ஆக்கு" என்றாள்.

அடுத்த நடவுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. நிலக்காரர் வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன், விடியும்போதே இறங்கி, பத்து மணிக்கு அவளை மட்டும் கரையேற விடமுடியுமா என்று. அவர் நல்லவர். நாஷ்டா கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உங்க அக்காவுக்கு நான் வேணான்னு சொல்லுவேனா? மத்த பொம்பளைங்க எல்லாம் ஏழு மணிக்குத்தான் வருவாங்க. ஒருத்திய பாதில அனுப்புனா அவங்க சும்மா இருப்பாங்களா? நீயே சொல்லு." அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

தை மாதம், காலையில் தடவிக்கொண்டிருந்தபோது வலது புறங்கையில் விரல் தடுக்கியது. அரிசி அளவு, சொரசொரவென்று. கழுவினேன், துடைத்தேன், போகவில்லை. அக்கா என் விரல் நின்ற இடத்தைப் புரிந்துகொண்டாள்.

"வந்துச்சா?"

"தெரியலக்கா. பொருக்கா இருக்கும்."

"பொய் சொல்லாத."

அதையும் வெட்டி எடுத்தார்கள். ஆரம்ப நிலை, இந்த முறை தையல் மட்டும்தான். டாக்டரம்மா என்னிடம் சன்ஸ்கிரீன் போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறோம் என்றேன். தொப்பி? போடுகிறாள். சட்டை? போடுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வாருங்கள், சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்றார். திரும்பி வருகிற வழியில் அக்கா தையல் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்று பிரிக்கிற விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இந்த வருடமும் சொர்ணவாரி நடவு நடக்கிறது. அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கியதும், உதவியாளரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் ட்யூபையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் சுத்தமான துணியையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கீழே உள்ள நிலத்துக்குப் போகிறேன். வரப்பில் நின்று கூப்பிட்டால் அக்கா சேற்றிலிருந்து வருவாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மூடி முகத்தை நீட்டுவாள். வியர்வையைத் துடைத்துவிட்டு இரண்டு விரல் நீளம் பிதுக்கித் தடவுவேன். மற்ற பெண்கள் இப்போது சிரிப்பதில்லை. ஒருத்தி என் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நேற்று தடவி முடிப்பதற்குள்ளேயே அவள் நெற்றியில் மறுபடி வியர்த்து, போட்டது வெள்ளையாகப் புருவத்தில் இறங்கியது. இன்னொரு தரம் துடைக்கப் போனேன்.

"போதும்டி. புள்ளைங்க எழுந்துடும், நீ போ" என்றாள். தொப்பியை நான் கட்டிவிட்டதும் இறங்கிப்போய் விட்ட இடத்திலிருந்து நட ஆரம்பித்தாள். நான் வரப்போடு நடந்தேன். ரோடு ஏறித் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர்ப் பளபளப்பில் அவள் தொப்பி எங்கே என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.