பெங்களூரிலிருந்து வரவேண்டிய அண்ணன் பையன்

எங்கள் வீட்டு மாடியில் என் அண்ணன் பையன் எட்டு மாதம் குடியிருந்தான். சத்தம் போடமாட்டான், தண்ணீரை வீணாக்கமாட்டான், கூட்டாளிகளைக் கூட்டி வந்து கூத்தடிக்கமாட்டான். அவனிடம் இருந்த ஒரே குறை, அப்படி ஒருவன் இல்லை என்பதுதான். எனக்கு அண்ணனே கிடையாது.

அவன் பிறந்தது சித்தூரில், எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கேட்டில் தொங்கிய டு-லெட் போர்டைப் பார்த்துவிட்டு ஒருத்தி மகளோடு வந்தாள். நூல் புடவை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மகளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். வாயைத் திறந்தால் நகரிப் பக்கத்துத் தமிழ். நானும் அந்தப் பக்கத்துக்காரிதான், உடனே காபி போட்டுவிட்டேன். மாடியைச் சுற்றிப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், துணி காயப்போட வெயில் வருமா என்று கேட்டாள். மனதுக்குள் சாவியைக் கொடுத்தே விட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"இன்னா வேலம்மா பாக்கற?"

வாசலில் நின்றிருந்த அந்தப் பெண் அப்போதே செருப்பை மாட்டத் தொடங்கினாள். விளையாடப் போகிற அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"போலீஸ்லக்கா. ஹெட் கான்ஸ்டபிள்."

போலீஸுக்கும் வக்கீலுக்கும் வீடு விடாதே, காலி பண்ணச் சொன்னால் நம்மைக் காலி பண்ணிவிடுவார்கள் என்பது எங்கள் ஊர் வீட்டுக்காரர்களின் வேதம். என் பயம் அதைவிடப் பழையது. என் நைனா கூலி வேலைக்குப் போனவர். காக்கியைக் கண்டால் மடித்துக் கட்டிய லுங்கியைச் சட்டென்று இறக்கிவிடுவார். பஸ் கண்டக்டரும் காக்கிதானே, அவருக்கும் இறக்குவார். அவர் மகள் டீச்சராகி, இரண்டு தளம் வீடு கட்டி, இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறாள். ஆனாலும் அந்த லுங்கி எங்கோ உள்ளே இறங்கிவிட்டது.

"ஐயோ, சொல்ல மறந்தே பூட்டேன்மா! எங்க அண்ணன் பையன் பெங்களூர்லேர்ந்து வர்றான். மாடி அவனுக்குன்னு பேசி வச்சிக்கீது."

"பர்வாலேதுக்கா" என்றாள். டம்ளரைக் கீழே வைத்தாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஓடிப்போய் போர்டைக் கழற்றினேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு வாசலில் மினி லாரி வந்து நின்றது. அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். புரோக்கர்தான் எல்லாம், அவன் கமிஷனைத் தவிர எதையும் கேட்கமாட்டான். லாரியிலிருந்து முதலில் இறங்கியவள் அவள்தான். அவளுடைய சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேராகத் தெரிவது எங்கள் மாடிப்படி.

மாம்பழக்கூழ் கம்பெனியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் சிரித்தார். "போர்ட எறக்கிட்ட. பையன எப்ப எறக்கப் போற?"

வேறு வழியில்லாமல் இறக்கினேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு முட்டி வலியோடு மாடியேறி லைட்டைப் போடுவேன். தூங்கப் போகும்முன் மறுபடி ஏறி அணைப்பேன். என் வீட்டுக்காரரின் பழைய நீல லுங்கியை மாடிக் கொடியில் காயப்போட்டேன். படியில் ஒரு ஜோடி செருப்பும் வைத்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் ரொம்பக் கெட்டிக்காரி.

போலீஸ்காரியிடமிருந்து தள்ளியே இருக்கலாம் என்றுதான் திட்டம். பதினைந்தாம் நாள் விடியற்காலை யூனிஃபார்மில் வந்து கதவைத் தட்டினாள். தூக்கிச் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"அக்கா, காணிப்பாக்கத்துல பந்தோபஸ்து. பொண்ணு ஸ்கூல் உட்டு வந்தா சாவியக் குடுத்துடுங்க. வேற யார நம்பிக் குடுக்கறது?"

ஊரில் இத்தனை பேர் இருக்க, நம்புவதற்கு என்னைப் பார்த்துப் பிடித்தாள். சாவியை வாங்கும்போது கை கூசியது.

அதிலிருந்து அந்தப் பெண் பள்ளி விட்டால் எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் வைத்த புளிக்குழம்பைத் தின்றுவிட்டு, என் தெலுங்கு உச்சரிப்பைத் திருத்திவிட்டு, அம்மா வந்ததும் போவாள். அம்மா டூட்டி முடிந்து வந்ததும் பக்கெட்டில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டு, காலை வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்காருவாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் முருங்கைக்கீரை ஆய்வேன். போலீஸ்காரிக்கும் பாதம் வீங்கும் என்பது எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

திருப்பதி பிரம்மோற்சவ டூட்டிக்குப் போய் வந்தபோது, "சாமிய நல்லாப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா! சாமி எம் முதுகுக்குப் பின்னால போய்க்கினு கீறாரு, நான் ஜனத்தப் பாத்துக்கினு நிக்கறேன். ஆனா அவங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும், சாமி எங்க வந்துட்டாருன்னு."

இப்படிப் பேசுகிறவளிடமா பொய் சொன்னோம் என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தால், அவளே முந்திக்கொள்வாள்.

"உங்க அண்ணன் பையனப் பாக்கவே முடியலியேக்கா. ஷிஃப்டா?"

"ஆமாம்மா, நைட் ஷிஃப்ட்."

"லைட் எரியுதே."

"அது... மறந்துட்டுப் பூடுவான்."

"ஓஹோ" என்று வெந்நீரில் காலை மாற்றி வைப்பாள். உள்ளே என் வீட்டுக்காரர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குவார்.

எட்டாம் மாதம் அவளுக்குத் திருப்பதிக்கு மாற்றல் வந்தது. குவார்ட்டர்ஸ் இப்போதைக்கு இல்லை என்றுவிட்டார்கள். மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால்தான் சேர்க்க முடியும், ஏனென்றால் அவளுக்கு எப்போது டூட்டி முடியும் என்று அவளுக்கே தெரியாது, பெண் தனியாக நடந்து வரவேண்டும். இல்லாவிட்டால் பலமனேரில் தம்பி வீட்டில் பெண்ணை விட்டுவிட்டு, இவள் மட்டும் திருப்பதியில் இருக்கவேண்டும். மூன்று ஞாயிறு அலைந்தும் வீடு கிடைக்கவில்லை.

"வேல இன்னான்னு கேக்கறாங்க, அப்பால வீடு இல்லன்றாங்க" என்றாள். "நீங்க ஒரு தபா கூட வாங்கக்கா. டீச்சர் கூட வந்தா கொஞ்சம் நம்புவாங்க."

எந்த முகத்தோடு வரமாட்டேன் என்பது? மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

முதல் இரண்டு வீடுகள் வாசலிலேயே முடிந்துவிட்டன. மூன்றாவது கீழ்த்தள வீடு. காற்று, வெளிச்சம், வாசலில் பைப்பு, மேலே வீட்டுக்காரர்களே குடியிருக்கிறார்கள். பள்ளி கேட்டிலிருந்து முன்னூற்றுப் பன்னிரண்டு அடி என்று பெண் எண்ணிக்கொண்டே வந்தாள். வீட்டுக்காரர் தங்கமான மனிதர், மேலே கூட்டிப்போய் உட்காரவைத்து மோர் கொடுத்தார். வாடகையெல்லாம் பேசியாயிற்று. பேச்சுக்குத்தான் கேட்டார்.

"ஏம் உத்யோகமம்மா?"

மாடி வாசலில் நின்றிருந்த பெண் செருப்பை மாட்டத் தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு என் வீட்டிலும் அவள் விளையாட அவசரப்படவில்லை. அந்தக் கேள்விக்கு அப்புறம் கிளம்பவேண்டும் என்று பழகியிருந்தாள். அம்மா பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு செருப்பு ஏறிவிட்டது.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "அய்யோ, மா அன்னய்ய கொடுக்கு பெங்களூரு நுஞ்சி வஸ்துன்னாடம்மா..."

தெலுங்கில் சொன்னாலும் அதே அண்ணன் பையன், அதே பெங்களூர்.

"பர்வாலேதண்டி" என்று அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குத் தெலுங்கு நன்றாக வரும், அன்றைக்கு அருவியாகக் கொட்டியது. வந்த கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி. "சார், அந்தப் பையன் வரமாட்டான். எனக்குத் தெரியும். எட்டு மாதமாக அவன் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான்" என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே நியாயமான கேள்வியைக் கேட்டார். "இந்த அம்மா உங்கள் வீட்டில்தான் குடியிருந்தார்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வீடு கையில் வந்திருக்கும். பொய் சொல்லுவது எனக்கு என்ன புதிதா?

"இல்லை. கேட்டார்கள். போலீஸ் என்று நான் கொடுக்கவில்லை. உங்களைப் போலவே இல்லாத அண்ணன் பையனைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கு வந்தார்கள். எட்டு மாதம் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், நான்தான் ஏமாந்தவள்."

அவர் மனைவியிடம் கேட்டு வருவதாக உள்ளே போனார்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"எனக்குத் தெரியுங்க்கா."

"எப்போலேர்ந்து?"

"மொத வாரமே. அந்த நீல லுங்கி மழ பேஞ்சாலும் கொடியிலயே கீது. உள்ள ஆளு இருந்தா ஓடியாந்து எடுக்கமாட்டானா?" என்று சிரித்தாள். "இந்த ஊர்ல எல்லாருந்தாங்க்கா பொய் சொல்றாங்க. சொல்ட்டு மறந்துடறாங்க. நீங்க ஒர்த்தர்தான் அதுக்காகத் தெனம் படி ஏறினீங்க, அதுவும் அந்த முட்டிய வச்சிக்கினு. இவ்ளோ வெக்கப்படறவங்க வீட்டுல சாவி குடுக்கலாம்னு தோணிச்சி."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கைத்தான் சிந்த முடிந்தது.

உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. வெகுநேரம் பேசினார்கள். பிறகு அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து, எந்த வகுப்பு என்று கேட்டார்.

"நைன்த்" என்றாள்.

"வெயிலில் ஏன் நிற்கிறாய்? உள்ளே வா."

பெண் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள். அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.