மாமாவின் படகுக்கு நான் போட்ட தகடு

பிள்ளைகளா, அப்பா மாமாவின் படகைக் கவிழ்த்துவிட்டதாகப் பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். படகு கவிழவில்லை. பின்னால் போனது, அவ்வளவுதான். ஏன் போனது என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். நான் படிவம் மூன்று வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததைத் திருத்தாதீர்கள்.

மாமாவின் வலது தோள்பட்டை போய்விட்டது உங்களுக்குத் தெரியும். அவருடைய படகு மோட்டார் எங்கள் கல்யாணத்துக்கும் முந்தியது. படகின் பின்பலகையில் தொங்கும். உடம்பைத் திருப்பி, கையைப் பின்னால் நீட்டி, அதன் பிடியைப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். தோள் அதற்கு இனி இடம் கொடுக்காது. முன்னால் உட்கார்ந்தே ஓட்ட வேண்டுமானால் ஒரு கண்ட்ரோல் பெட்டி வேண்டும். பெட்டியில் ஒரு நெம்புகோல். அதிலிருந்து மோட்டாருக்கு இரண்டு கேபிள், கியருக்கு ஒன்று, வேகம் கூட்டும் எண்ணெய்க்கு ஒன்று.

கடலோரத்து மெக்கானிக் புது மோட்டார் வாங்கச் சொல்லிவிட்டார். மாமா விடவில்லை. எங்கெங்கோ அலைந்து, அதே கம்பெனியின், அதே காலத்துப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். ஸ்டீரிங்கையும் ஒரு பழைய படகிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டார். பெட்டியைப் பூட்டத்தான் ஆள் இல்லை. அதுவும் சரிவராவிட்டால் படகை விற்றுவிடுவது என்று முடிவு. கடலுக்குப் போகாத மாமாவை நீங்கள் பார்த்ததில்லை. நான் ஒரு வாரம் அங்கே தங்கிப் பார்த்தேன். வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டு முடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவுகளுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் நான் வாயை விட்டேன்.

"மோட்டார்னா மோட்டார்தான் மச்சான். தேயில ஃபேக்டரியில அத்தன காத்தாடியும் என் கையிலதான் ஓடுது. மேல அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்."

காய்கறி இறக்கிவிட்டு மலைமேல் எங்கள் கோலா தெர்லாவுக்குக் காலியாகத் திரும்பிய லோரியில் மோட்டாரும் பெட்டியும் வந்து இறங்கின. தோட்டத்து லயத்து வீடுகளெல்லாம் வெளியே வந்து பார்த்தன.

"என்னண்ணே, தேயிலைக்குள்ள மீன் பிடிக்கப் போறீங்களா லா?"

வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பலகை வைத்து, மோட்டாரை மாட்டினேன். கேபிள்களைப் பூட்டி, படகு இருக்க வேண்டிய பக்கத்தில் நின்று, நெம்புகோலை முன்னால் தள்ளினேன். மோட்டார் உறுமியது. தண்ணீர் டிரம்மின் அந்தப் பக்கமாகப் பொங்கி, அம்மாவின் மிளகாய்ச் செடியைச் சாய்த்தது. பின்னால் இழுத்தேன். தண்ணீர் என் பக்கமாக வந்து என்னை நனைத்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் இருப்பவர். பரப்பி வைத்த இலைக்கு அங்கே பெரிய காத்தாடிகள் காற்று ஊதும்.

"தம்பி, இது உல்டாவா இருக்கு" என்றார். "காத்தாடிய முன்னால போட்டா காத்து முன்னாலதான வரும்? இங்க முன்னால தள்ளுனா தண்ணி பின்னால போவுது பாரு."

எனக்கும் அதே எண்ணம்தான். டிரம்மாவது நகர்ந்து காட்டியிருக்கலாம். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுப்படி சன்னலிலிருந்து அம்மா சொன்னாள்: "தண்ணியப் பின்னால தள்ளுனாத்தானேங்க படகு முன்னால போவும்?"

"நீ சும்மா இரு. கடல் மோட்டாரப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அம்மா பிறந்து வளர்ந்ததே கடலோரத்தில். அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை. சன்னலைச் சாத்திக்கொண்டாள்.

வேலை முடிந்த பிறகு தினமும் ஃபேக்டரிப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு தகடு செய்தேன். நடுவில் ஆணி, விளையாட்டுத் திடலில் இருக்கும் சீசா மாதிரி. கேபிள் ஒரு முனையைத் தள்ளினால், மறுமுனை கியரை எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு வாரம் அராவி, துளை போட்டு, பாலிஷும் போட்டேன். பூட்டிப் பார்த்தபோது தண்ணீர் அழகாக என் பக்கம் வந்தது. அண்ணன் என் முதுகில் தட்டினார்.

பிறகு மோட்டாரோடு எல்லோரும் கீழே மாமாவின் ஊர் ஆற்றுத்துறைக்குப் போனோம். நீங்கள் கரையில் ஐஸ் தின்றுகொண்டிருந்ததால் முதல் பாதியைச் சரியாகப் பார்க்கவில்லை. படகின் முகம் ஆற்றைப் பார்த்திருந்தது. பின்னால் ஒரு சீனப் பெரியவர் தன் படகில் தேநீர்க் குவளையோடு வலை தைத்துக்கொண்டிருந்தார். மாமா கும்பிட்டுவிட்டு நெம்புகோலை மெல்ல முன்னால் தள்ளினார். படகு நேராகப் பின்னால் போய்ப் பெரியவரின் படகை இடித்தது. குவளை ஆற்றில் விழுந்தது.

"ஜாங்கான் கோஸ்தான் லா!" என்று கத்தினார் பெரியவர். பின்னால் எடுக்காதே என்கிறார். மாமா பயந்துபோய் இன்னும் முன்னால் தள்ளினார். படகு இன்னும் வேகமாகப் பின்னால் போய் மறுபடி இடித்தது.

"மச்சான், பின்னால இழுங்க!"

"பின்னாலதானே மாப்ள போய்ட்டிருக்கு!"

நான் பாய்ந்து மோட்டாரை அணைத்தேன். அதன் பிறகு கரையில் உங்கள் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மாமா சிரிக்கவில்லை. தோளைத் தடவிக்கொண்டு ஆற்றையே பார்த்தார்.

"விடுங்க மாப்ள. நீங்களும் எவ்வளவோ பாத்துட்டீங்க. வித்துடுவோம்."

அம்மாதான் கரையிலிருந்து, என்னைப் பார்க்காமல், பேசினாள்.

"அண்ணே, பொட்டி மேல தப்பு இல்ல. நடுவுல பளபளன்னு ஒரு தகடு இருக்கு பாரு. அதக் கழட்டச் சொல்லு."

கழற்றினேன். இரண்டு வார வேலை பத்து நிமிடத்தில் கையோடு வந்துவிட்டது. கேபிளை நேராகப் பூட்டினேன். மாமா நெம்புகோலை முன்னால் தள்ளினார். படகு முன்னால் போனது. ஒரு கை ஸ்டீரிங்கில், ஒரு கை நெம்புகோலில், தோள் அசையாமல் முகத்துவாரம் வரை போய்த் திரும்பினார். கரையேறியதும், "வித்துடலாம்னு சொன்னேன்ல, அத மறந்துடுங்க மாப்ள" என்றார். பெரியவருக்குப் புதுக் குவளையில் தேநீர் வாங்கிக் கொடுத்தோம்.

மோட்டாரும் பெட்டியும் ஜோடியாகத்தான் வந்திருந்தன. நடுவில் புகுந்தவன் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சக்கரம் வைத்த சறுக்குப் பலகையில் கிரீஸ் கறை எப்படி வந்தது என்று சண்டை போட்டீர்களே, அது நான்தான். ஊர் திரும்பிய பிறகு, ஆலை ஓடாத ஒரு நாள், பட்டறையில் யாரும் இல்லாதபோது, அந்தப் பலகையைத் தரையில் வைத்து, அதன் மேல் மேசைக் காத்தாடியைக் கட்டி, சுவிட்சைப் போட்டேன். காற்று முன்னால் வந்து என் முகத்தில் அடித்தது. பலகை மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து, ஒயர் இழுபட்டு, பிளக்கு கழன்று நின்றது.

எழுந்து போய்ப் பிளக்கை மறுபடி சொருகினேன்.