கேட்காத காது

மூளைக்காய்ச்சலில் என் இடது காது போனது. காய்ச்சல் மட்டும் காரணம் இல்லை, என் மாமியாரும் காரணம். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

தி.நகரில் எங்களுக்குப் பாத்திரக்கடை, மாடியில் வீடு. நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த வாரம் எனக்குக் காய்ச்சலோடு தலை பிளக்கிற வலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கழுத்து கட்டைபோல் விறைத்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் அத்தை" என்றேன்.

"வேலைன்னு வந்தா உனக்குத் தலைவலி வந்துரும். மாத்திரையைப் போட்டுட்டு வந்து தாம்பூலப் பையைக் கட்டு. இந்த நடிப்பெல்லாம் என்கிட்ட வேண்டாம்."

சரக்கு எடுக்கக் கும்பகோணம் போயிருந்த கணவருக்குப் போன் செய்தேன். "அம்மா சொல்ற மாதிரி செய்யேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் சமையலறையில் வாந்தியெடுத்து விழுந்தேன். வலிப்பு வந்ததாம். நாத்தனார்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனாள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். பிழைத்தேன். ஆனால் இடது பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"சீக்கிரமே கொண்டு வந்திருந்தா காது தப்பியிருக்கலாம்" என்றார் டாக்டர். மாமியார் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பி நான் சண்டை போடவில்லை. சாப்பாட்டு மேசையோ காரோ, மாமியாருக்கு இடது காதைக் காட்டித்தான் உட்காருவேன். அவர் பேசிக்கொண்டே இருப்பார். நான் மறுபக்கம் இருப்பவர்களிடம் சிரித்துப் பேசுவேன். விருந்தாளிகள் இருந்தால், "இந்தக் காது கேக்காதுல்ல அத்தை" என்று சத்தமாகச் சொல்வேன். எப்படிப் போனது என்று அவர்கள் கேட்பார்கள். ஒன்று விடாமல் சொல்வேன். மாமியார் எழுந்து உள்ளே போய்விடுவார். அது எனக்கு இனித்தது.

நாத்தனாரின் வளைகாப்பு அன்று மாமியார் சுற்றி வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தார். "அன்னைக்கு உன்னை நம்பியிருக்கணும். என் தப்புதான்" என்றார் தாழ்ந்த குரலில்.

தெளிவாகக் கேட்டது.

"கேக்கலை அத்தை. சத்தமாச் சொல்லுங்க."

சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் இன்னொரு முறை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். குரல் உடைந்துபோனது. எனக்குப் பாவமாக இல்லை.

"போதும், விடு" என்றார் கணவர்.

"நீங்க எப்போ சொல்லப் போறீங்க?"

அவர் பந்தி பரிமாறப் போய்விட்டார். மாமியாரிடம் இப்போது இரண்டொரு வார்த்தை பேசுகிறேன். கணவர் வாயிலிருந்து "என் தப்புதான்" என்று வரும்வரை அவரை விடுவதாக இல்லை.